43 இன்ச் பட்ஜெட் டிவி: ஹாலுக்கு எது, படுக்கையறைக்கு எது?

போன வருடம் ஆடித் தள்ளுபடியில் எங்கள் குடும்பத்தில் இரண்டு டிவி வாங்கினோம். ஒன்று கும்பகோணத்தில் அம்மாவுக்கு, இன்னொன்று சென்னையில் எனக்கு. இரண்டும் 43 இன்ச், இரண்டும் 4கே, விலையும் ஏறக்குறைய 25,000 ரூபாய். கம்பெனி மட்டும் வேறு.

பத்தே நாளில் இரண்டு பேருக்கும் மனக்குறை. "முகமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி தெரியுதுப்பா" என்று அம்மா போனில் சொன்னார். எனக்கோ, இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் இருட்டுக் காட்சியெல்லாம் மூடுபனி படர்ந்தது போல் வெளுத்துக் கிடந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என் டிவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினேன். அம்மாவுடையதை இங்கே கொண்டுவந்தேன். அன்றோடு இரண்டு வீட்டிலும் குறை தீர்ந்தது.

ஒரே விலையில் இரண்டு டிவியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியாமல் நிற்கிறவர்களுக்காக, நாங்கள் பின்னால் கற்றுக்கொண்டதை முன்னாலேயே செய்யும் வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போகுமுன் சுவரை அளங்கள்

43 இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 95 செ.மீ., உயரம் சுமார் 53 செ.மீ. பழைய செய்தித்தாள்களை ஒட்டி இந்த அளவுக்கு வெட்டி, டிவி வரப்போகும் இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். அலமாரிக் கதவு இடிக்கிறதா, ஸ்விட்ச் போர்டு மறைகிறதா, தரையில் உட்கார்ந்தால் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். நம் வீடுகளில் டிவியை ரொம்ப உயரத்தில் மாட்டிவிடுகிறோம். உட்கார்ந்த நிலையில் கண் எங்கே இருக்கிறதோ, திரையின் நடுப்பகுதி கிட்டத்தட்ட அந்த உயரத்தில் இருந்தால் கழுத்துக்கு நல்லது.

பிறகு, உட்காரும் இடத்திலிருந்து சுவர் வரை அளங்கள். சாதாரணமாக நல்ல பார்வை உள்ளவரின் கண்ணுக்கு, 43 இன்ச் ஃபுல் எச்டி (4கே-யில் கால்வாசிப் புள்ளிகளே உள்ள) திரையின் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியாது. 4கே திரையில் மூன்றடி தள்ளினாலே தெரியாது. அதாவது ஒன்பது அடி தள்ளி உட்கார்கிற ஹாலில், கூர்மையைப் பொறுத்தவரை ஃபுல் எச்டிக்கும் 4கே-வுக்கும் உங்கள் கண் வித்தியாசம் காட்டாது. ஆகவே டப்பாவில் 4கே என்று பெரிதாக அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

படி 2: யார் எங்கே உட்கார்வார்கள் என்று ஒரு தாளில் வரையுங்கள்

மற்றப் படிகளில் அவசரப்பட்டாலும் இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

டிவியின் இடம், ஜன்னல், வாசல், சோபா, ஊஞ்சல், எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். அப்புறம் ஒவ்வொருவரும் உண்மையில் உட்கார்ந்து பார்க்கும் இடத்தைப் போடுங்கள். எங்கள் அம்மா சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பதே இல்லை. அடுக்களை வாசற்படியோரம் அரிவாள்மனையைப் போட்டு, வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே சீரியல் பார்ப்பார். அங்கிருந்து பார்த்தால் திரை ஏறக்குறைய 50 டிகிரி சாய்வில் இருக்கிறது. வாங்கும்போது இது எங்கள் யார் கணக்கிலும் வரவில்லை.

பட்ஜெட் எல்ஈடி டிவிகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பேனல்தான். ஒன்று ஐபிஎஸ், மற்றது விஏ. இரண்டிலும் பின்னால் ஒரு வெளிச்சம் எரிகிறது; முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் அதைத் திறந்தும் மூடியும் படம் காட்டுகின்றன. விஏ பேனலில் மின்சாரம் பாயாத நிலையில் படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும். வெளிச்சம் நன்றாக அடைபடும். அதனால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வெளிச்சம் அந்தப் படிகங்களைச் சாய்வாகக் கடந்து வருவதால் நிறம் வெளுத்துவிடும். அம்மா சொன்ன சாம்பல் இதுதான். ஐபிஎஸ் பேனலில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே திரும்பும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முகத்தின் நிறம் பெரிதாக மாறாது. ஆனால் வெளிச்சம் கொஞ்சம் கசியும். இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். நான் பார்த்த மூடுபனி இதுதான்.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். ஆட்கள் ஹால் முழுக்கச் சிதறி உட்கார்கிறார்கள், பகலிலும் ஜன்னல் வெளிச்சத்திலும்தான் டிவி ஓடுகிறது என்றால் ஐபிஎஸ். ஒருவரோ இருவரோ திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிறார்கள் என்றால் விஏ. பகல் வெளிச்சத்தில் ஐபிஎஸ்ஸின் சாம்பல் கறுப்பு கண்ணில் படாது. நேர் எதிரே உட்கார்பவருக்கு விஏ-யின் பக்கவாட்டு வெளுப்பால் நஷ்டமும் இல்லை.

எது எந்தப் பேனல் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. மாடலின் விவரப் பட்டியலில் கான்ட்ராஸ்ட் (வெள்ளை, கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம்) என்ற வரியைத் தேடுங்கள். 1000:1, 1200:1 என்ற அளவில் இருந்தால் அநேகமாக ஐபிஎஸ். 3000:1-க்கு மேல், 4000, 5000 என்று இருந்தால் விஏ. 'டைனமிக்' என்று போட்டு லட்சக்கணக்கில் எழுதியிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எண் எதுவும் கிடைக்காவிட்டால், ஒரு முகம் திரையில் இருக்கும்போது பக்கவாட்டில் நாலு எட்டு நடந்து பாருங்கள். கண்ணே சொல்லிவிடும்.

படி 3: படம் எங்கிருந்து வருகிறது?

சாதாரணக் கேபிளில் வரும் எஸ்டி (எச்டி அல்லாத, தெளிவு குறைந்த) சேனலின் படம் அதிகபட்சம் 720×576 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 4.15 லட்சம். 4கே திரையில் இருப்பதோ 3840×2160, ஏறக்குறைய 83 லட்சம். வருகிற ஒரு புள்ளியை வைத்து டிவி இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். இந்த நிரப்பும் வேலையில்தான் மலிவு டிவிகள் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகின்றன. செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியது போல் ஆவதும், கீழே ஓடும் எழுத்து பிசிறடிப்பதும் இதனால்தான்.

வீட்டில் முக்கால்வாசி நேரம் கேபிள்தான் ஓடும் என்றால், கடையில் "தம்பி, ஒரு சாதாரண எஸ்டி சேனல் போட்டுக் காட்டுப்பா" என்று கேளுங்கள். தயங்குவார்கள், விடாதீர்கள். கூடவே கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸுக்கு எவ்வளவு என்று விசாரியுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை எடுத்துவிட்டு எச்டிஎம்ஐ வயரில் எச்டி பாக்ஸை இணைத்தால் கிடைக்கும் தெளிவு, இன்னும் ஐயாயிரம் கூட்டி டிவி வாங்கினாலும் கிடைக்காது.

ஓடிடி பார்ப்பவர்களுக்கு: நெட்ஃப்ளிக்ஸில் 4கே வேண்டுமென்றால் அதன் மேல்மட்ட பிளானும், சுமார் 15 எம்பிபிஎஸ் நிலையான இணைய வேகமும் தேவை. டிவி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை ஏற்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கேம் ஆடும் பிள்ளைகள் இருந்தால், பட்டனை அமுக்கியதும் திரையில் தாமதமில்லாமல் தெரிய கேம் மோட் இருக்க வேண்டும்.

படி 4: கடையில் செய்ய வேண்டியவை

ஒரு பென் டிரைவில் மூன்று விஷயங்கள் கொண்டு போங்கள்: வீட்டில் நல்ல வெளிச்சத்தில் நீங்களே எடுத்த ஒரு முகத்தின் வீடியோ, இரவில் எடுத்த ஒரு வீடியோ, தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவது போல வேகமாக அசைகிற ஒன்று. கடையில் ஓடும் பூக்களும் கிளிகளும் எந்தப் பேனலிலும் அழகாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம்தான் நிறத்தைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் படத்தின் மோடை, நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் 'விவிட்'டிலிருந்து 'ஸ்டாண்டர்டு'க்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டு டிவியிலும் ஒரே வீடியோவை ஓடவிட்டு, உங்கள் தாளில் குறித்த கோணத்திலேயே நின்று பாருங்கள். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தும் பாருங்கள்.

ரிமோட்டை நீங்களே கையில் வாங்குங்கள். யூடியூபைத் திறந்து, வெளியே வந்து, மறுபடி திறங்கள். 1 ஜிபி ராம் உள்ள டிவி இங்கேயே திணறுவது தெரியும். முடிந்தால் 2 ஜிபி எடுங்கள். டிவியை இயக்கப்போவது வயதானவர் என்றால், எண் பட்டன்கள் உள்ள ரிமோட்டா என்று கவனியுங்கள். பட்டன் குறைந்த ரிமோட் பார்க்க அழகுதான், ஆனால் சேனல் எண் அடித்தே பழகிய கைக்கு அது தண்டனை.

எச்டிஆர் (வெளிச்சமான இடத்தையும் இருட்டான இடத்தையும் இன்னும் எடுப்பாகக் காட்டும் வசதி) என்ற முத்திரைக்கு இந்த விலையில் பணம் கொடுக்காதீர்கள். 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்தில் அதன் பலன் அவ்வளவாகத் தெரியாது. 120 என்று ஏதாவது எழுதியிருந்தாலும் பேனல் உண்மையில் 60 ஹெர்ட்ஸ்தானா (நொடிக்கு 60 முறைதான் படம் மாறுமா) என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: பில்லும் டெலிவரியும்

மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை சரிபாருங்கள். ஒரே பெயரில் விற்கும் டிவிகளில் அந்தக் கடைசி எழுத்துகள் மாறும்போது பேனலும் மாறியிருக்கலாம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18தான் இருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போது ஆரம்பத்திலிருந்து போனில் வீடியோ எடுங்கள். டிவியை எப்போதும் நிறுத்தி வைத்தே தூக்குங்கள், படுக்க வைக்கக் கூடாது. ஊருக்குக் கொண்டுபோனபோது நான் பின் சீட்டில் நிறுத்தி, இருபுறமும் தலையணை முட்டுக் கொடுத்தேன். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் ரிட்டர்ன் நாள் முடியும்வரையாவது பரணில் போட்டு வையுங்கள்.

படி 6: மாட்டிய அன்றே மாற்ற வேண்டிய அமைப்புகள்

ஹால் டிவிக்கு: ஸ்டாண்டர்டு மோட், பேக்லைட்டைக் கூட்டுங்கள், ஷார்ப்னஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். எஸ்டி சேனலின் பிசிறு இதிலேயே பாதி அடங்கும். முகங்கள் அகலமாக இழுபட்டுத் தெரிந்தால் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3-க்கு மாற்றுங்கள். வசனம் காதில் விழவில்லை என்றால் சவுண்டில் 'கிளியர் வாய்ஸ்' மாதிரி ஏதாவது இருக்கும், அதைப் போடுங்கள்.

அறை டிவிக்கு: சினிமா அல்லது மூவி மோட், பேக்லைட் குறைவாக, மோஷன் ஸ்மூத்திங் (அசைவை வழவழப்பாக்கும் வசதி) அணைத்து. அது ஓடினால் சினிமாப் படமே சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்.

எல்லாம் சரியானதும் அந்த அமைப்புகளின் திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒருநாள் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகி, அம்மா வீட்டில் எல்லாம் பழையபடி மாறிப்போனது. நான் அந்தப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு வீடியோ காலில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அம்மா ரிமோட்டை அமுக்கிக்கொண்டே வந்தார். சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "இரு, அடுக்களைகிட்ட போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போனார்.