முதல் கேமிங் கம்ப்யூட்டர்: ஒன்றோடொன்று சேரும் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பட்ஜெட்டைச் சொன்னால் சிறிது நேரத்தில் கொட்டேஷன் போட்டுத் தந்துவிடுவார்கள். அதில் இருக்கும் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேரும், கம்ப்யூட்டரும் ஆன் ஆகும். ஆனால் கொடுத்த காசுக்கு உரிய வேகம் முழுவதும் வருமா என்பது வேறு கேள்வி.

பாகங்கள் பொருந்தாமல் போவதில் மூன்று விதம் உண்டு. முதலாவது கண்ணுக்கே தெரியும்: எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டின் சாக்கெட்டில் ப்ராசஸர் உட்காராது, கேபினெட்டுக்குள் கார்டு நுழையாது. இரண்டாவதில், எல்லாம் மாட்டிய பிறகும் திரை கறுப்பாகவே இருக்கும். எனக்குப் பெரிய கவலை மூன்றாவதுதான். எல்லாம் ஓடும், கேமும் ஓடும், ஆனால் ஏதோ ஒரு பாகம் தன் முழு வேகத்துக்குப் போகாமலே இருக்கும். எச்சரிக்கை எதுவும் வராது. அதனால் இந்த விளக்கத்தில் மூன்றாவது விதத்துக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

படி 1: மானிட்டரையும் கேமையும் முதலில் முடிவு செய்யுங்கள்

வேலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவருக்கு ஃப்ரேம் எண்ணிக்கைதான், அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்பதுதான் முக்கியம். அங்கே ப்ராசஸருக்கு வேலை அதிகம். சைபர்பங்க் 2077 போன்ற கனமான கேம்களில் சுமை கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும். மானிட்டரும் அப்படித்தான். 1920 × 1080 திரையைவிட 2560 × 1440 திரையில் சுமார் 1.8 மடங்கு புள்ளிகள் இருக்கின்றன; அத்தனையையும் வரைவது கார்டின் வேலை. முதல் கம்ப்யூட்டருக்கு 1080 திரை, 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் மாறும்) அல்லது அதற்கு மேல் போதும் என்பது என் கருத்து. இனி வரும் படிகளையும் அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

பட்ஜெட்டில் பெரிய பங்கு இதற்குத்தான் போக வேண்டும். 1080 திரைக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் நல்ல தேர்வுகள். 9060 எக்ஸ்டி, ஒரே பெயரில் 8 ஜிபி மெமரி, 16 ஜிபி மெமரி என இரண்டு விதமாக வருகிறது. கொட்டேஷனில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் எத்தனை ஜிபி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புதிய கேம்கள் சில 8 ஜிபியில் திணறுவதால், விலை கட்டுப்படியானால் நான் 16 ஜிபியைத்தான் சொல்வேன்.

கார்டை முடிவு செய்ததும் அதன் தயாரிப்பாளர் தளத்தில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீளம் எத்தனை மி.மீ., எத்தனை வாட், எந்த பவர் இணைப்பு, எத்தனை பிசிஐஇ லேன். கடைசி விவரத்தை யாரும் பார்ப்பதில்லை. கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதைகள்தான் இந்த லேன்கள். 9060 எக்ஸ்டியில் 16 லேன், ஆர்டிஎக்ஸ் 5060-ல் 8 லேன். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் வெறும் 4. பிசிஐஇ என்பது இந்த இணைப்பின் பெயர்; 3.0, 4.0 என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு லேனின் வேகம் இரட்டிப்பாகும். அதனால் லேன் குறைவான கார்டைப் பழைய பிசிஐஇ 3.0 போர்டில் மாட்டினால் பாதை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். 6500 எக்ஸ்டி வாங்கிய பலருக்கு நடந்தது இதுதான்.

படி 3: ப்ராசஸரும் சாக்கெட்டும்

இப்போது கடையில் கிடைப்பவற்றை நான்கு குடும்பங்களாகப் பார்க்கலாம். ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 ரேமுக்கு உரியது. 2022-ல் வந்த ஏஎம்5 டிடிஆர்5-க்கு மட்டுமே. இன்டெலில் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்களுக்கு உரியது. அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. 2024-ல் கோர் அல்ட்ரா 200 வரிசையோடு வந்த எல்ஜிஏ 1851-ல் டிடிஆர்5 மட்டும்தான். ஒரு குடும்பத்தின் ப்ராசஸர் இன்னொன்றின் போர்டில் உட்காராது.

நான் பரிந்துரைப்பது ஏஎம்5-ல் ரைசன் 5 7600. 6 கோர், 65 வாட். கூலர் பெட்டியிலேயே வரும். திரையில் படம் காட்டுகிற அளவுக்கு உள்ளேயே சிறிய கிராபிக்ஸும் இருக்கிறது. கார்டில் கோளாறு வந்தால் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க அது பெரிய உதவி. 2027 வரையாவது ஏஎம்5-க்குப் புதிய ப்ராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், சில வருடம் கழித்துப் போர்டை மாற்றாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றலாம்.

ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. வீட்டில் நல்ல டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே இருந்தால், ஏஎம்4-ல் ரைசன் 5 5600, பி550 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) உள்ள போர்டு என்று போவதில் தவறே இல்லை.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. இன்டெலில் ‘கே’ என்றால் ஓவர்கிளாக் (குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) செய்யலாம், ஆனால் அதற்கு இசட் வரிசை போர்டு வேண்டும். ‘ஜி’ என்று முடியும் ரைசன்களில் உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கும். "இப்போதைக்கு ஜி போட்டுக்கோங்க, கார்டு அப்புறம் வாங்கிக்கலாம்" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 5600ஜி, பி550 போர்டிலும் பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் ஓடும். அதன் கேஷும் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு மெமரி) 5600-ல் இருப்பதில் பாதிதான். ஏஎம்5-ன் 8500ஜி, கிராபிக்ஸ் கார்டுக்கு 4 லேன் மட்டுமே தரும். பிறகு நல்ல கார்டு வாங்கி மாட்டினாலும் அதன் முழுத் திறன் வெளியே வராது. ஆறு மாதத்துக்குள் கார்டு வாங்குவது உறுதி என்றால் ‘ஜி’ வேண்டாம்.

படி 4: மதர்போர்டு

ரைசன் 5 7600-க்கு பி650 அல்லது பி850 போர்டு போதும். ஏ620 விலை குறைவு, 7600-ஐத் தாங்கும். ஆனால் பிறகு பெரிய ப்ராசஸர் போடும் எண்ணம் இருந்தால் வேண்டாம். இன்டெல் பக்கம் எச்610 போர்டுகளை நான் தவிர்ப்பேன்: ரேமை அதன் பெட்டியில் எழுதிய எக்ஸ்எம்பி வேகத்துக்கு ஏற்றும் வசதி அந்தச் சிப்செட்டில் இல்லை. பி760-ல் உண்டு.

சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் திரையில் எதுவும் வராமல் போகலாம். காரணம் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் உள் மென்பொருள். ரைசன் 9000 வரிசை 2024 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன் தயாரான பி650 போர்டு கடை அலமாரியில் அப்படியே இருந்தால், புதிய ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாமல் போகலாம். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் ப்ராசஸர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். உங்கள் ப்ராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று அதில் பாருங்கள். பின்பக்கம் ‘பயாஸ் ஃப்ளாஷ்பேக்’ பட்டன் உள்ள போர்டு என்றால் ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வைத்து அப்டேட் செய்துவிடலாம்.

வைஃபை எல்லாப் போர்டிலும் இருக்காது, கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டிக்கு எம்.2 வடிவத்தில் (போர்டிலேயே நேராகச் செருகும் சிறு பலகை) 2280 அளவுள்ள (22 × 80 மி.மீ.) என்விஎம்இ வகை, அதாவது பிசிஐஇ வழியே ஓடுவது, வாங்குங்கள். எம்.2 வடிவத்திலேயே சாட்டா என்ற பழைய இணைப்பு வகையும் உண்டு. அது விநாடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். என்விஎம்இ, பிசிஐஇ 4.0-ல் 7,000 எம்பி வரை போகும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-ல் டிரைவ் போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் வேலை செய்யாமல் போகும். பழைய ஹார்டு டிஸ்க்கையும் மாட்டப் போகிறவர்கள் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

படி 5: ரேம்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி மாட்ட முடியாது. ஆக, தப்பு நடப்பது வகையில் அல்ல, எண்ணிக்கையில். ஒரே 16 ஜிபி குச்சி வாங்கி, "இன்னொன்று பிறகு" என்று விடுவது வழக்கம். ஒரே குச்சி போட்டால் மெமரியின் பாதைகளில் பாதி சும்மா கிடக்கும், ஃப்ரேம் குறையும். இரண்டு குச்சிகள் ஒரே பெட்டியில் வரும் கிட் வாங்குங்கள்: 2 × 8 அல்லது, முடிந்தால், 2 × 16. நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் மாட்டுங்கள். நான்கு ஸ்லாட்களையும் நிரப்புவது ஏஎம்5-ல் நல்லதல்ல. ரைசன் 7000-ல் நான்கு குச்சிகளுக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே.

ஏஎம்5-க்கு 6000 வேகம், சிஎல்30 (ரேமின் தாமதத்தைக் குறிக்கும் எண்) என்று எழுதியிருக்கும் கிட் சிறந்தது. பெட்டியில் எழுதிய அந்த வேகம் தானாக வராது. பயாஸுக்குள் போய் எக்ஸ்போ என்பதை ஆன் செய்ய வேண்டும். இன்டெல் போர்டுகளில் அதன் பெயர் எக்ஸ்எம்பி. செய்யாவிட்டால் ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும்.

படி 6: எஸ்எம்பிஎஸ்

எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி இது; இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் கேமிங் கம்ப்யூட்டருக்கு உதவாது.

கணக்கு எளிது. ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், மற்றவை எல்லாம் சேர்த்து 60 வாட் என்று வையுங்கள். சுமார் 310. கார்டுகள் நொடிப்பொழுதில் இதைத் தாண்டி எகிறும் என்பதால் 550 வாட் சரி. பிறகு பெரிய கார்டு போட 650 வாங்கலாம். லேபிளில் 12 வோல்ட் வரிசையில் இருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். நல்ல 650 வாட் யூனிட்டில் அது 54 ஆம்பியர் அளவில், அதாவது 648 வாட் இருக்கும். பெட்டியில் 500 என்று போட்டு, பெருக்கினால் 300-கூட வராத யூனிட்டைத் தொடாதீர்கள். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்பவை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. அது மட்டுமே தரத்துக்கு உத்தரவாதமாகாது.

ப்ராசஸருக்கான 8 பின் வயர் 4+4 என்றும், கார்டுக்கான 8 பின் 6+2 என்றும் பிரியும். பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வயரிங் வேறு. வயர்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் ஒரு கம்பெனியின் வயரை இன்னொன்றில் ஒருபோதும் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி இல்லாததால் பாகங்கள் எரிந்துபோகலாம்.

அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் யுபிஎஸ்ஸும் இந்தக் கணக்கில் சேரும். 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான்; மானிட்டரையும் சேர்த்தால் அது விளிம்பு. 1000 விஏ பாருங்கள். வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுவதானால் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள்; சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். கேபினெட்டைத் தொட்டால் கை சுருக்கென்று இருந்தால் பிளக்கில் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகே புதிய பாகங்களைச் செருகுங்கள்.

படி 7: கேபினெட், கூலர்

மூன்று அளவுகளை ஒப்பிட்டால் வேலை முடிந்தது. போர்டு அளவு: ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. கார்டு நீளம்: மூன்று ஃபேன் கார்டுகள் பல 300 மி.மீ. தாண்டும். கூலர் உயரம்: டவர் கூலர்கள் 155 மி.மீ. அளவில் இருக்கும், ஒல்லியான கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது. முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை இருக்கட்டும். நம் ஊர் மே மாதத்தில் காற்று போக வழியில்லாத கேபினெட்டுக்குள் கார்டு சூடாகி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பட்டியல் முழுதும் தயாரானதும் பிசிபார்ட்பிக்கர் தளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். சாக்கெட், அளவு, வாட் பிசகுகளைப் பெரும்பாலும் அது பிடித்துவிடும்.

படி 8: கடையிலும், முதல் முறை ஆன் செய்யும்போதும்

ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டிக்கு நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஏஎம்5, இன்டெல் இரண்டிலும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. கடையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து, ஒன்றும் வளையவில்லை என்று பார்த்து வாங்குங்கள்.

ஏஎம்5-ல் முதல் முறை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்பாக இருக்கும். பயந்து பவரை நிறுத்தாதீர்கள். மானிட்டர் வயரை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

விண்டோஸ் போட்ட பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம்: 6000 காட்ட வேண்டும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் பல நேரம் 60-ல் நிற்கும், மாற்றிவிடுங்கள். மூன்றாவது, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் வரி. கார்டு சும்மா இருக்கும்போது அதில் பிசிஐஇ வேக எண் குறைவாகத் தெரியலாம். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்தால் உண்மையான வேகமும் லேன் எண்ணிக்கையும் வரும். 9060 எக்ஸ்டி 16-க்குப் பதில் 8 அல்லது 4 காட்டினால் கார்டைக் கழற்றி, ப்ராசஸருக்கு அருகில் உள்ள முதல் நீள ஸ்லாட்டில் சரியாக அழுத்தி மாட்டிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் கடையின் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் போர்டையும் கார்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.