பசிபிக் கரையோரக் கப்பல் பயணம்: கப்பல்களை ஒப்பிடத் தொடங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் என் சித்தி மகள் தன் விடுமுறைப் பயணத்திற்காகத் தயாரித்த அட்டவணை ஒன்றை அனுப்பி, அதிலுள்ள ஐந்து கப்பல்களுள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டிருந்தாள். உணவகங்களின் எண்ணிக்கை, நீர்ச்சறுக்கு, நாடக அரங்கு, இணையக் கட்டணம், குளியலறையின் அளவு எனப் பதினான்கு பத்திகள் அதில் இருந்தன. கப்பல் எந்த ஊரில் ஆளை ஏற்றி எந்த ஊரில் இறக்குகிறது என்பதற்கு மட்டும் ஒரு பத்திகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிறிது எரிச்சலும் வந்தது. ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன் நான் தயாரித்த அட்டவணையும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது.

மருந்தை மறக்காதீர்கள், மேலங்கி எடுத்துச் செல்லுங்கள் என்பன போன்ற அறிவுரைகளை இங்கே சொல்லப் போவதில்லை. சான் டியாகோவிலிருந்து கனடாவின் வான்கூவர் வரையிலான கரையில் மீண்டும் மீண்டும் பணத்தையும் நாளையும் விழுங்குகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே கப்பலில் இரண்டு பயணங்களை ஒட்டவைப்பது

ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே இருக்கும் கப்பல்கள் அலாஸ்கா பருவத்திற்காக வடக்கே இடம்பெயரும். செப்டம்பர், அக்டோபரில் திரும்பி வரும். இந்த இடப்பெயர்ச்சிப் பயணங்கள் குறுகியவை, பெரும்பாலும் மலிவானவை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வான்கூவர் வரை செல்லும் அத்தகைய பயணம் ஒன்றை நான் முதலில் பதிவு செய்தேன். அதே கப்பல் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியருக்குப் புறப்படுவதைக் கண்டதும், அதையும் தனியாகப் பதிவு செய்தேன். இரண்டிற்கும் ஒரே அறை எண் கிடைத்தது. பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம், அலமாரியில் தொங்கும் சட்டை அப்படியே தொங்கட்டும் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

புறப்பட ஆறு வாரங்கள் இருக்கும்போது கப்பல் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பயணங்களையும் சேர்த்து மேற்கொள்ள அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை என்றும், ஏதேனும் ஒன்றைக் கைவிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. இரண்டு பதிவுகளையும் அவர்களே ஏற்றுக்கொண்டு, இரண்டிற்கும் பணம் வாங்கி, மாதக்கணக்கில் வாளாவிருந்துவிட்டு அப்போதுதான் கண்விழித்தார்கள். கைவிட்ட பயணத்தின் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் விட்டியருக்கு அருகிலுள்ள ஆங்கரேஜிலிருந்து வீடு திரும்ப வாங்கிய விமானச்சீட்டும், அங்கே முன்பணம் கட்டியிருந்த விடுதியும் போயின. கடைசி நேரத்தில் வேறொரு கப்பலில் இடம் தேடியபோது, மிஞ்சியிருந்த அறைகளின் விலை நான் முதலில் கொடுத்ததைவிட மிக அதிகம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கடிதத்தின் பணிவான நடையை நினைத்தால் எனக்குக் கசக்கிறது.

இதற்குக் காரணம் 1886-ஆம் ஆண்டின் பயணியர் கப்பல் சேவைச் சட்டம். அமெரிக்கக் கொடி ஏந்தாத கப்பல், ஒரு பயணியை ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பதற்காக வந்த சட்டம் இது. இன்று இந்தக் கரையில் ஓடும் பெரிய கப்பல்கள் பஹாமாஸ், பெர்முடா, பனாமா, நெதர்லாந்து போன்ற இடங்களில் பதிவானவை. அமெரிக்க நிறுவனம் நடத்தினாலும் கப்பல் அந்நியக் கப்பல்தான். அமெரிக்கக் கொடியுடன் கடலோடும் பெரிய சொகுசுக் கப்பல் 2005-இல் பணிக்கு வந்த 'ப்ரைட் ஆஃப் அமெரிக்கா' ஒன்றே. அதுவும் ஹவாய்த் தீவுகளைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. வழியில் "தொலைதூர" அந்நியத் துறைமுகம் ஒன்றைத் தொட்டால், வேறொரு அமெரிக்க ஊரில் இறங்கலாம். ஆனால் வட அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள துறைமுகங்கள் எவையும் தொலைதூரமாகக் கருதப்படுவதில்லை. எனவே கனடாவின் விக்டோரியா, வான்கூவர், மெக்சிகோவின் என்செனாடா மூன்றையும் தொட்டுவந்தாலும் பயனில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஏறிச் சியாட்டிலில் இறங்கும் பயணத்தைப் பெரிய நிறுவனங்கள் எவற்றின் பட்டியலிலும் காண முடியாததற்கும், வடக்கே செல்லும் கப்பல்கள் வான்கூவரில் முடிவதற்கும் இதுவே காரணம். ஏறிய ஊருக்கே திரும்பும் வட்டப் பயணமாக இருந்தால், ஏதாவது ஓர் அந்நியத் துறைமுகத்தைத் தொட்டால் போதும்.

நான் சறுக்கிய இடம் இதுதான். லாஸ் ஏஞ்சலஸ்–வான்கூவர் தனியாகப் பார்த்தால் சரி, வான்கூவர்–விட்டியரும் சரி. ஒரே கப்பலில் இரண்டையும் தொடர்ந்து சென்றால், முதலில் ஏறிய இடமும் கடைசியில் இறங்கிய இடமுமே கணக்கு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து விட்டியருக்கு ஆளைக் கொண்டுபோனதாக அது முடியும். பதிவு எண் வேறு, பணம் கட்டிய நாள் வேறு, இடையில் வான்கூவரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்ற வாதங்கள் எவையும் எடுபடா. மாறாக, வான்கூவரில் இறங்கி வேறொரு கப்பலில் ஏறினால் சங்கிலி அறுந்துவிடும். சட்டச் சிக்கல் இல்லை. போன கப்பலிலேயே லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பினாலும் சரி. சான் டியாகோவில் இறங்குகிறேன் என்றால்தான் சிக்கல்.

மீறினால் பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று நிறுவனத்திற்கு அபராதம். நெடுங்காலம் 200 டாலராக இருந்த அது, விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட்டு இப்போது அதைப்போல் சில மடங்காகி நிற்கிறது. அதைப் பயணியிடமே வசூலிக்க நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இடம் உண்டு. ஆனால் அபராதம் வரைக்கும் விடமாட்டார்கள். பெரும்பாலும் ஏறவே விடமாட்டார்கள். இச்சட்டம் எவ்வளவு இறுக்கமானது என்பதை 2021-இல் எல்லோரும் கண்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களைச் சொகுசுக் கப்பல்களுக்கு மூடியதும், சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஒரு பெரிய கப்பலும் செல்ல வழியில்லாமல் போயிற்று. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தனியே ஒரு தற்காலிகச் சட்டம் இயற்றிய பிறகே கப்பல்கள் புறப்பட்டன.

ஆகவே அட்டவணையின் முதல் இரண்டு பத்திகள் ஏறும் ஊர், இறங்கும் ஊர் என்று இருக்கட்டும். நீர்ச்சறுக்கு பதினைந்தாவது பத்திக்குப் போகலாம்.

பாதி வழியில் வேறோர் அமெரிக்க ஊரில் இறங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவது

அதே சட்டம், அதே பதில்: கூடாது.

விக்டோரியாவை ஒரு முழு நாளாகக் கணக்கிடுவது

சியாட்டிலிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் பல அலாஸ்கா பயணங்களில் விக்டோரியா கடைசி மாலையில் வரும். கப்பல் இரவு ஏழு, எட்டு மணிக்குக் கரைசேர்ந்து நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். அந்நியத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும் என்ற கடமையைத் தீர்க்கும் நிறுத்தம் அது. பட்சார்ட் தோட்டத்தைப் பார்ப்பதற்காகவே அப்பயணத்தைத் தேர்ந்தெடுத்து, ஆக்டன் பாயிண்ட் துறையிலிருந்து அவ்வளவு தூரம் பேருந்தில் சென்று, இருட்டில் ரோஜாக்களை நுகர்ந்துவிட்டு வந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹவாய் சென்று திரும்பும் பயணங்களில் என்செனாடாவின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஊரின் பெயரைப் பார்க்காதீர்கள். வந்துசேரும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் பாருங்கள். விக்டோரியாதான் நோக்கம் என்றால், அங்கே பகல் முழுவதும் நிற்கும் கரையோரப் பயணத்தைத் தேடுங்கள்.

டன் எண்ணைக் கொண்டு நெரிசலை ஊகிப்பது

கப்பலின் மொத்த டன் எண் எடையன்று; கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் கொள்ளளவிலிருந்து கணக்கிடப்படும் எண் அது. பெரிய எண் என்றால் பெரும் கூட்டம் என்று அஞ்சுவதும், சிறிய எண் என்றால் அமைதி என்று மகிழ்வதும் பிழை. டன் எண்ணை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணியர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2008-இல் வந்த 'ரூபி பிரின்சஸ்' ஏறத்தாழ 1,13,500 டன், 3,080 பேர், ஆளுக்கு 37. 2018-இல் வந்த 'நார்வீஜியன் ப்ளிஸ்' ஏறத்தாழ 1,68,000 டன், 4,000 பேர், ஆளுக்கு 42. பெரிய கப்பலில்தான் ஆளுக்கு இடம் அதிகம். ஆனால் இந்தக் கணக்கு கப்பலுக்குள் மட்டுமே செல்லும். அந்த நாலாயிரம் பேரும் ஒரே காலையில் ஒரு சிற்றூரில் இறங்கும்போது உண்டாகும் நெரிசலுக்கு வகுத்தல் கணக்கு எதுவும் உதவாது.

இந்தக் கரைக்கென்று நான் முதலில் தேடுவது வேறு இரண்டு வசதிகள். ஒன்று, நீச்சல்குளத்தின்மேல் மூடக்கூடிய கூரை. 'கோனிங்ஸ்டாம்' போன்ற ஹாலந்து அமெரிக்கா நிறுவனக் கப்பல்களில் அது உண்டு. மற்றொன்று, கண்ணாடி வழியே முன்புறக் கடலைக் காணும் பெரிய கூடம். 'ப்ளிஸ்' கப்பலில் அது மிக நன்றாக அமைந்திருக்கிறது. கலிபோர்னியா என்ற பெயரைக் கேட்டதும் வெயிலைக் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த கடல் நீரோட்டம் அங்கே கோடையிலும் காற்றைக் குளிரச் செய்கிறது. கரீபியக் கடலுக்கென்று அமைந்த திறந்தவெளிக் குளமும் சறுக்கும் மென்டசினோ முனைக்கு அப்பால் ஆளின்றிக் கிடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கரைப்பக்கத்து பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது

வடக்கே செல்லும்போது வலப்பக்கம் கரை தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். தெரியாது. கலிபோர்னியக் கரையிலிருந்து 24 கடல் மைலுக்குள் கப்பல்கள் விலை கூடிய தூய எரிபொருளையே எரிக்க வேண்டும் என்பது அம்மாநில விதி. செலவைக் குறைக்க விரும்பும் கப்பல்கள் அதற்கு வெளியே ஓடுகின்றன. பிக் சர் மலைகளைக் காண விரும்புகிறவர் முதலாம் எண் நெடுஞ்சாலையில் காரில் போக வேண்டும். கப்பலில் இடப்பக்கத்து அறையை எடுத்தால் சூரியன் மறைவதையாவது காணலாம்.

போகும் திசையைப் பொருட்படுத்தாமல் விலையை மட்டும் பார்ப்பது

இளவேனிலிலும் கோடையிலும் வட கலிபோர்னியக் கரையில் வடமேற்குக் காற்று ஓங்கி வீசும். ஏப்ரலில் வடக்கே செல்லும் கப்பல் காற்றையும் அலையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு போகிறது. செப்டம்பரில் தெற்கே வரும் கப்பலுக்கு அவை பெரும்பாலும் முதுகுப்புறம் வருகின்றன. வயிறு குமட்டும் இயல்புடையவர்க்கு இந்த வேறுபாடு சிறியதன்று. தவிரவும், சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற மூடுபனி கோடைக்கு உரியது. கோல்டன் கேட் பாலத்தின் அடியில் கப்பல் நுழையும் காட்சிக்காகவே போகிறவர்களுக்குச் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை.

அட்டவணையில் உள்ள ஊர்களிலெல்லாம் இறங்குவோம் என்று நம்புவது

கேட்டலினா தீவின் அவலான், சாண்டா பார்பரா, காபோ சான் லூகாஸ் ஆகிய ஊர்களில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நடுநீரில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆளை இறக்குவார்கள். அலை உயர்ந்தால் அந்நாளின் நிறுத்தம் இல்லை. அஸ்டோரியாவில் துறைமேடை உண்டு, ஆனால் அதை அடையக் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். ஆற்றின் வேகமும் கடலின் அலையும் மணல்மேடுகளின்மேல் மோதிக்கொள்ளும் அவ்விடத்தைப் 'பசிபிக்கின் இடுகாடு' என்றே அழைப்பார்கள். அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற வழிகாட்டி மாலுமி படகிலோ ஹெலிகாப்டரிலோ வந்து ஏறிய பிறகே கப்பல் உள்ளே நுழையும். இரண்டு முறை அங்கே போகப் பதிவு செய்தேன். ஒரு முறைதான் இறங்கினேன். அந்த ஒரு முறை அஸ்டோரியா நினைவுத் தூணின் 164 படிகளை ஏறி ஆற்றைப் பார்த்தபோது, முதல் முறை ஏன் திரும்பிப் போனார்கள் என்பது விளங்கிற்று.

துறைமேடையைச் சரிபாராமல் வண்டி ஏறுவது

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் லாங் பீச் துறை வேறு, சான் பெட்ரோ துறை வேறு. சியாட்டிலில் 66-ஆம் எண் துறைமேடை வேறு, 91-ஆம் எண் துறைமேடை வேறு.

கப்பல் திரும்பும் நாள் காலையிலேயே விமானம் பிடிப்பது

வேண்டாம்.

கனடா விசாவைக் கடைசியில் நினைப்பது

இந்தியக் கடவுச்சீட்டில் அமெரிக்காவுக்கு வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். மெக்சிகோவுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க விசா போதும். கனடாவுக்குப் போதாது, தனி விசா வேண்டும். கப்பலைவிட்டு இறங்காமல் அறையிலேயே இருப்பார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஏறும் துறைமுகத்திலேயே தடுத்துவிடுவார்கள். விண்ணப்பம் முடிய வாரக்கணக்கில், சில காலங்களில் மாதக்கணக்கில் ஆகிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த விசா தேவையில்லை; அதனால்தான் பிள்ளைகளுக்கு இது நினைவில் எழுவதே இல்லை. விசா கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று தோன்றினால், பெற்றோரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மெக்சிகோப் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே குளிரும் இல்லை.

சித்தி மகளின் அட்டவணைக்கு வருகிறேன். அவள் கணவருக்கு விடுப்பு குறைவு என்பதால், லாஸ் ஏஞ்சலஸில் சேர்ந்து ஏறி, சான் பிரான்சிஸ்கோவில் அவர் மட்டும் இறங்கி வேலைக்குப் போவதாகத் திட்டம். அதைத் தலைகீழாக்கச் சொன்னேன். அவள் பிள்ளைகளுடன் முன்னே செல்லட்டும்; அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஏறி வான்கூவரில் இறங்கட்டும். இறங்கும் ஊர் கனடாவில் இருப்பதால் சட்டம் குறுக்கே வராது. நடுவழியில் ஏறுவதற்கு நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியை மட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டும். அனுமதி வந்துவிட்டது. இப்போது அவள் நீர்ச்சறுக்கைப் பற்றி மறுபடியும் கேட்கிறாள்.