கரிகாலன் நாடகத்தில் கோழையைத் திட்டுவது எப்படி?

எங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குப் பல வருடமாக நான்தான் வசனம். போன முறை வெண்ணிப் போர். தோற்று ஓடும் வேளிர் தலைவனைப் பார்த்துக் கரிகாலன் "பேடியே!" என்று முழங்குவதாக எழுதியிருந்தேன். ஒத்திகையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஐயா, அது திருநங்கைகளைச் சொல்ற வார்த்தையாச்சே?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு புத்தகங்களை இறக்கிவைத்து உட்கார்ந்ததில் தேறியது இது.

முதலில், சொல் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். குறள் 727: "பகையகத்துப் பேடிகை ஒள்வாள் அவையகத்து அஞ்சு மவன்கற்ற நூல்." சபையில் நடுங்குபவன் கற்ற நூல், களத்தில் பேடி கையில் பளபளக்கும் வாளாம். பேச்சு மேடை பயத்தைப் பற்றித்தான்! 614-லும் அதே வாள். அங்கே விஷயம் முயற்சியில்லாதவன் செய்ய நினைக்கும் உதவி. சிலப்பதிகாரத்திலோ பேடு என்பது மாதவியின் பதினோரு ஆடல்களில் ஒன்று, காமன் ஆடியது. அங்கே வசையே இல்லை. ஆகவே பழம்பாட்டில் கண்டால் விளக்கிச் சொல்லுங்கள். புது வசனத்தில் வேண்டாம்.

சரி, "கோழையே" என்று மாற்றலாமா? சம்பந்தர் திருவைகாவூர்ப் பதிகத்தில் "கோழை மிடறாக" என்கிறார். அது சளி கட்டிய தொண்டை. சமூக நாடகத்துக்குத் தாராளமாகப் போடலாம், கரிகாலன் வாயில் எனக்கு ஒட்டவில்லை.

அப்புறம் பிடித்தது 'புறம்' என்ற சொல்லை. புறம் என்றால் முதுகு. புறங்கொடுத்தல், புறப்புண் எல்லாம் அதிலிருந்துதான். புறநானூறு 278-இல், மகன் களத்தில் பின்வாங்கினான் என்று ஊர் சொல்ல, கிழவி அவனைத் திட்டவில்லை. அப்படியானால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். 66-இல் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனிடமே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன், அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி இருந்து உயிர் விட்ட அந்தச் சேரன், உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். என்ன தைரியம் அந்த அம்மாவுக்கு!

கடைசியில் வசனம் இப்படி ஆனது: "உன் முகம் எனக்கு நினைவில்லை. முதுகைக் காட்டு, அடையாளம் சொல்கிறேன்."

இதற்கு ஒரே நிபந்தனை, எதிரி வேடக்காரன் அதுவரை முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். எங்கள் பையன் இரண்டு ஒத்திகையிலும் முன்கூட்டியே திரும்பிவிட்டான்.