ஃப்ளான்: கேரமலில் அவசரம் வேண்டாம்

முட்டையும் பாலும் சேர்த்து, மேலே கேரமல் வழியச் செய்யும் புட்டிங்தான் ஃப்ளான். மெக்சிகோ வீடுகளில் அது பல விதம். எனக்குப் பிடித்தது க்ரீம் சீஸ் சேர்க்கும் ‘நாபொலிதானோ’. வெட்டினால் குழையாமல் நிற்கும்.

கேரமல்தான் எல்லாம். அடிகனமான பாத்திரத்தில் முக்கால் கப் சர்க்கரையை மிதமான தீயில் வையுங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் கட்டி தட்டும். பாத்திரத்தையே லேசாகச் சுழற்றுங்கள். முதலில் ஓரம் இளகும், பிறகு தேன் நிறம். பலரும் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். செம்பு நிறம் வரட்டும். அந்த இழையோடும் கசப்பு இல்லாவிட்டால் ஃப்ளான் வெறும் தித்திப்புதான். உடனே அச்சில் ஊற்றி, ஓரமெல்லாம் படரச் சுழற்றுங்கள்.

5 முட்டை, கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காத சுண்டிய பால்) ஒரு டின், 190 கிராம் க்ரீம் சீஸ், ஒரு ஸ்பூன் வெனிலா. வெராக்ரூஸ் மாநிலத்துப் பாப்பாந்த்லா வெனிலா கிடைத்தால் யோகம்! மிக்ஸியில் நுரை பொங்காமல் அடித்து, வடிகட்டி ஊற்றுங்கள்.

அச்சை ஃபாயிலால் மூடி, பெரிய ட்ரேயில் வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர் விட்டு, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள். ஆற ஆற இறுகும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஓரத்தில் கத்தியை ஓட்டி, குழிவான தட்டால் மூடி, சட்டென்று கவிழ்த்துங்கள். தயங்கினால் கேரமல் முழங்கை வரை வழியும்.