நுவரெலியா மாவட்டத்தில் வாக்காளர் கருத்துக்கணிப்பு: முதன்முறையாகச் செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம், ரணில் விக்கிரமசிங்க இரண்டாமிடம், அனுர குமார திசாநாயக்க மூன்றாமிடம். நவம்பர் 14 பொதுத்தேர்தலில் அதே மாவட்டத்தில் அனுரவின் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடித்து, 8 ஆசனங்களில் 5 ஆசனங்களை எடுத்தது. இடையில் எட்டு வாரம்கூட ஆகவில்லை.

இவ்வளவு வேகமாக மனம் மாறும் மாவட்டத்தில் கருத்துக்கணிப்பு செய்ய விரும்பினால், எத்தனை பேரைக் கேட்பது என்பதைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. எந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறோம், பதில் சொல்பவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், கொழும்பில் இருக்கும் பிள்ளைகளை எப்படிப் பிடிக்கிறோம் என்பவைதான் மலையகத்தில் முடிவை மாற்றுகின்றன. கீழே உள்ள முறை 600 பேரைக் கேட்கும் சிறிய கணிப்புக்கானது. ஒரு பல்கலைக்கழக மாணவர் குழுவோ உள்ளூர் மன்றமோ செய்யக்கூடிய அளவு இது.

படி 1: யாரைப் பற்றிய கணிப்பு என்று எழுதி வையுங்கள்

"மலையக மக்கள்" என்று பொதுவாக எழுதினால் வேலை தொடங்காது. "நுவரெலியா தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்கள்" என்று எழுதுங்கள். மாவட்டத்தில் நான்கு தேர்தல் தொகுதிகள்: நுவரெலியா-மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. மாவட்ட வாக்காளர்களில் பாதிக்கு மேல் முதல் தொகுதியிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ மட்டும் சுற்றிவிட்டு "மாவட்டக் கணிப்பு" என்று பெயர் வைக்கக் கூடாது. மற்ற மூன்று தொகுதிகளிலும் சிங்களக் கிராமங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை விட்டால் அது தோட்டத் தமிழரின் கணிப்பு மட்டுமே. அப்படிச் செய்வதில் தவறில்லை, ஆனால் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

படி 2: 600 பேரை எப்படிப் பிரிப்பது

வெறும் சீட்டுக் குலுக்கலில் 600 பேரைத் தனித்தனியாக எடுக்க முடிந்தால் பிழை எல்லை, அதாவது முடிவு உண்மையிலிருந்து இரு பக்கமும் விலகக்கூடிய அளவு, ±4 சதவீதப் புள்ளி. மலையில் அது நடக்காது. ஓர் இடத்துக்குப் போனால் அங்கே பலரைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவோம். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தொழிற்சங்கம், ஒரே பேச்சு, ஒரே கோபம். அதனால் பன்னிரண்டாவது ஆள் சொல்வதில் புதிய தகவல் குறைவு.

இதைக் கணக்கில் பாருங்கள். ஓர் இடத்துக்குள் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவை 0.1 என்று வைத்துக்கொள்வோம். 20 இடங்களில் 30 பேர் வீதம் கேட்டால், முதல் ஆளைத் தவிர மீதி 29 பேர்: 1 + (29 × 0.1) = 3.9. 600ஐ 3.9ஆல் வகுத்தால் 154. அதாவது உங்கள் 600 பேர் உண்மையில் 154 பேருக்குச் சமம், பிழை எல்லை ±7.9. அதே 600 பேரை 50 இடங்களில் 12 பேர் வீதம் கேட்டால் 1 + (11 × 0.1) = 2.1, 286 பேருக்குச் சமம், ±5.8. ஆள் ஒன்றும் கூடவில்லை, பஸ் கட்டணம் மட்டும் கூடியது. செலவழிப்பதானால் இதில் செலவழியுங்கள்.

படி 3: 50 இடங்களைத் தேர்ந்தெடுப்பது

கிராம சேவகர் பிரிவு வாரியான வாக்காளர் எண்ணிக்கையைப் பெற்றுக்கொள்ளுங்கள். முதலில் தொகுதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் தோட்டம், கிராமம், நகரம் என்று பிரித்து அடுக்குங்கள். பிறகு ஒவ்வொரு பிரிவின் எண்ணிக்கையையும் மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

மொத்தம் 6,00,000 என்று வைத்தால், 50ஆல் வகுக்க 12,000 வரும். 1க்கும் 12,000க்கும் இடையில் ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 4,310 வந்தால், கூட்டுத்தொகை 4,310ஐத் தொடும் பிரிவு முதல் இடம், 16,310ஐத் தொடுவது இரண்டாவது, 28,310 மூன்றாவது. இப்படியே 50 வரை. பெரிய பிரிவுகளுக்கு வாய்ப்பு அதிகம், சிறியவற்றுக்குக் குறைவு. அப்படித்தான் இருக்க வேண்டும். தெரிவான தோட்டம் மேலே மலை உச்சியில் இருக்கிறது, ரோடு சரியில்லை என்று பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றாதீர்கள். ரோடு சரியில்லாத தோட்டத்தின் அரசியல் வேறு.

படி 4: லயத்துக்குள் வீட்டைத் தெரிவு செய்வது

வாக்காளர் இடாப்பை வைத்து வீட்டைத் தேட முடியாது. பல தோட்டங்களில் முகவரி என்றால் தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான். எனவே போய் இறங்கியதும் ஒரு தாளில் லயங்களை வரைந்து, எல்லாக் கதவுகளுக்கும் நீங்களே இலக்கம் போடுங்கள். 84 கதவுகள் இருந்தால் 12ஆல் வகுக்க 7; ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண்ணைக் குலுக்கித் தொடங்கி, ஒவ்வொரு ஏழாவது கதவு.

புதியவர்கள் வழக்கமாக விடும் பிழைகள் மூன்று. முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் வீடுகள் உள்ள இரட்டை லயத்தில் பின்பக்கத்தை எண்ணாமல் வருவார்கள். புதிதாகக் கட்டிய தனி வீடுகள் சற்றுத் தள்ளி இருப்பதால் அவையும் விடுபடும். தனி வீடு கிடைத்தவர்களும் இன்னும் லயத்தில் இருப்பவர்களும் ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. மூன்றாவது, ஒரே கதவுக்குள் இரண்டு மூன்று குடும்பம் இருப்பது. தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம் என்று எண்ணுங்கள்.

படி 5: வீட்டுக்குள் ஆளைத் தெரிவு செய்வது

கதவைத் திறந்தவரைக் கேட்டுவிட்டு வருவதுதான் மலையகக் கணிப்புகளைக் கெடுக்கும் முதல் காரணம். திறப்பவர் பெரும்பாலும் வயதானவர், அல்லது அன்று வேலைக்குப் போகாதவர்.

அந்த வீட்டு முகவரியில் வாக்குள்ள எல்லோரையும் வயதில் மூத்தவரிலிருந்து வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு படிவத்திலும் ஒரு சிறு அட்டவணை முன்கூட்டியே அச்சிட்டிருக்க வேண்டும்: இரண்டு பேர் இருந்தால் 2ஆவது ஆள், மூன்று பேர் இருந்தால் 1ஆவது, நான்கு பேர் இருந்தால் 3ஆவது என்பதுபோல. படிவத்துக்குப் படிவம் எண்கள் மாறும். அட்டவணை காட்டுபவரைத்தான் கேட்க வேண்டும். "அவருக்கு அரசியல் தெரியாது, என்னைக் கேளுங்க தம்பி" என்று அப்பா சொன்னாலும் மாறக்கூடாது.

அட்டவணை காட்டும் ஆள் கொழும்பில் கடையில் நிற்கும் மகனாக இருந்தால்? வாக்கு தோட்டத்தில் பதிவாகியிருக்கிறது, தேர்தலுக்கு ஊர் வருவார். அவர் உங்கள் வாக்காளர். வீட்டில் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கடை மூடிய பிறகு இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ எடுத்துப் பேசுங்கள். குறைந்தது மூன்று முறை முயலுங்கள். அவருக்குப் பதிலாக அம்மாவைக் கேட்டால் உங்கள் கணிப்பில் இளைஞர்கள் காணாமல் போய்விடுவார்கள். 2024இல் எட்டு வாரத்துக்குள் புரண்டது போன்ற மாற்றம் உங்கள் படிவத்தில் ஏறவே ஏறாது. மத்திய கிழக்கில் வேலை செய்பவர்கள் வேறு கணக்கு. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கையில் வசதி இல்லை என்பதால், தேர்தலுக்குத் திரும்பி வரப்போகிறவர் தவிர மற்றவர்களை வரிசையில் சேர்க்க வேண்டாம்.

நேரமும் இதோடு சேர்ந்ததுதான். கொழுந்து எடுப்பவர்கள் பகலில் மலையில் நிற்பார்கள். மாலை 5 முதல் 7.30 வரையும் ஞாயிற்றுக்கிழமையும்தான் உங்களுக்கு நேரம். சம்பள நாளிலும் கோயில் திருவிழா நாளிலும் போக வேண்டாம். தீபாவளி வாரம் கவர்ச்சியாகத் தெரியும், எல்லோரும் ஊரில் இருப்பார்கள். ஆனால் எவரும் இருபது நிமிடம் உட்கார்ந்து பேச மாட்டார்கள்.

படி 6: கேட்பவர்கள்

இரண்டு பேர் கொண்ட ஐந்து குழு போதும்; ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் கட்டாயம். ஒரு குழு ஒரு மாலையில் 12 பேரை முடிக்கலாம். 50 இடம் பத்து மாலையில் முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் நடுவில் ஒரு சம்பளப் பேச்சுவார்த்தையோ கட்சித் தாவலோ வந்து, முதல் பாதியும் இரண்டாம் பாதியும் இரண்டு வெவ்வேறு கணிப்புகளாகிவிடும்.

எவரையும் சொந்தத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கலாம், ஆனால் கங்காணியோ தோட்டத் தலைவரோ கூடவே வரக்கூடாது. தலைவர் பக்கத்தில் நின்றால் வரும் பதில் அவருடைய சங்கத்தின் பதில். மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: "ஐயா, எல்லாத் தோட்டத்திலயும் இப்படித்தான் தனியாக் கேக்கிறோம், உங்க ஆளுகளுக்கும் அதுதான் நல்லது." கேட்பவர் "அக்கா", "அண்ணே" என்று சாதாரணப் பேச்சில் பேச வேண்டும், ஆனால் கேள்வியை எழுதியபடியே வாசிக்க வேண்டும். சிங்களக் கிராமங்களுக்குச் சிங்களம் தாய்மொழியானவர்களை அனுப்புங்கள். கேள்வித்தாளைச் சிங்களத்துக்கு மாற்றியபின் வேறொருவரைக் கொண்டு மீண்டும் தமிழுக்கு மாற்றி, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

படி 7: கேள்விகள்

"நாட்சம்பளத்தைக் கூட்டித் தராத கட்சிக்கு வாக்களிப்பீர்களா?" என்பது கேள்வியே அல்ல. "இன்று பொதுத்தேர்தல் நடந்தால் எந்தச் சின்னத்துக்கு வாக்களிப்பீர்கள்?" என்று கேளுங்கள். கட்சிப் பெயரை மட்டும் கேட்டால் இங்கே குழப்பம் வரும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் நுவரெலியாவில் 2020இல் பொதுஜன பெரமுனவின் மொட்டில் கேட்டது, 2024இல் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையில். தமிழ் முற்போக்குக் கூட்டணி இரண்டு முறையும் சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்தியுடைய தொலைபேசியில். "காங்கிரஸுக்குத்தான்" என்று ஒருவர் சொன்னால் அது சங்கமா, சின்னமா, வேட்பாளரின் விருப்பு வாக்கா (கட்சிக்குள் தனி வேட்பாளருக்குப் போடும் வாக்கு) என்பது உங்களுக்குத் தெரியாது. சின்னத்தை ஒரு கேள்வியாகவும், விருப்பு வாக்கை இன்னொன்றாகவும், சங்க உறுப்புரிமையைக் கடைசியில் தனியாகவும் கேளுங்கள். சங்கத்தை முதலில் கேட்டால் அதற்கு ஏற்றபடி மற்றப் பதில்களும் வளையும்.

லயத்தில் சுவருக்கு அப்பால் பேசுவது கேட்கும். ஆகவே சின்னத்தை வாயால் சொல்ல வைக்காதீர்கள். சின்னங்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, அவரே குறியிட்டு மடித்துப் பூட்டிய பெட்டியில் போடட்டும். தாளில் படிவ இலக்கம் மட்டும் இருக்கும். தாள் உண்மையான வாக்குச்சீட்டைப் போல இருக்கவே கூடாது: நிறமும் அளவும் வேறு, மேலே "ஆய்வுக்கு மட்டும்" என்று பெரிய எழுத்தில். சின்னங்களின் வரிசையை நான்கு விதமாக அச்சிட்டு மாற்றி மாற்றிக் கொடுங்கள், ஏனெனில் முதலில் இருப்பதற்குச் சில வாக்கு கூடும்.

எல்லாம் சேர்த்து 20 கேள்விக்குள் முடியுங்கள். கோபோடூல்பாக்ஸ் போன்ற செயலி சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்யும். கடதாசி என்றால் பென்சிலும் பிளாஸ்டிக் உறையும் கொண்டு போங்கள். மஸ்கெலியாப் பக்க மழையில் பேனா எழுதாது.

படி 8: சரிபார்த்தல்

நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கு வேறொருவர் மீண்டும் போய், உண்மையில் வந்து கேட்டார்களா, யாரைக் கேட்டார்கள் என்று மட்டும் விசாரிக்க வேண்டும். மறுத்தவர்கள், ஆள் இல்லாத வீடுகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

படி 9: எடை போடுதல்

எடை என்றால் ஒருவரின் பதிலை எத்தனை பேருக்குச் சமமாக எண்ணுகிறோம் என்பது. ஒரு வீட்டில் ஒருவரைத்தான் கேட்டோம். ஆறு வாக்குள்ள வீட்டில் ஒருவருக்கு வாய்ப்பு ஆறில் ஒன்று, இரண்டு வாக்குள்ள வீட்டில் பாதி. எனவே ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டு வாக்குகளின் எண்ணிக்கையை முதல் எடையாகக் கொடுங்கள்.

அடுத்தது ஆண்-பெண், வயது, தோட்டம்-கிராமம்-நகரம். உதாரணமாக உங்களிடம் பெண்கள் 62 சதவீதம், இருக்க வேண்டியது 52 என்றால் பெண்ணின் எடை 52 ÷ 62 = 0.84, ஆணின் எடை 48 ÷ 38 = 1.26. ஒருவரின் இந்த இரண்டாவது எடை 3ஐத் தாண்டினால் எடையில் திருத்தாதீர்கள், அந்தப் பகுதிக்குத் திரும்பிப் போய் இன்னும் சிலரைக் கேளுங்கள்.

இனவாரியாக எடை போடும்போது கவனம். 2012 குடிசன மதிப்பீட்டில் மலையகத் தமிழர் பலர் "இலங்கைத் தமிழர்" என்று பதிந்திருந்தார்கள். "இந்தியத் தமிழர்" எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் தோட்ட மக்களின் பங்கைக் குறைத்துவிடுவீர்கள். நுவரெலியாவில் இரண்டு வகையையும் சேர்த்து ஒன்றாகவே எடை போடுங்கள்.

கடந்த தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று ஒரு கேள்வி வைத்திருந்தால் அது நல்ல கண்ணாடி. 2024 ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் சஜித்துக்கு ஏறத்தாழ 43, ரணிலுக்கு 29, அனுரவுக்கு 22 சதவீதம். உங்கள் படிவங்களில் பாதிப்பேர் "அனுரவுக்குத்தான்" என்று சொன்னால், நாட்டளவில் வென்றவரோடு சேர்ந்துகொள்ளும் பழக்கமும் அதில் இருக்கிறது. அந்தப் பதிலை எடைக்குப் பயன்படுத்தாமல் எச்சரிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"தீர்மானிக்கவில்லை" என்பவர்களைக் கட்சிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டாம். தனி வரியாகக் காட்டுங்கள்.

படி 10: ஆசனமாக மாற்றலாமா?

கேட்பவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். 2024 பொதுத்தேர்தலை வைத்தே பாருங்கள். தேசிய மக்கள் சக்தி 41.6, ஐக்கிய மக்கள் சக்தி 26.2, யானை 16.7 சதவீதம். 5 சதவீதத்துக்குக் குறைந்தவர்கள் நீங்கினால் கூட்டுத்தொகை 84.5. மாவட்டத்தின் 8 ஆசனத்தில் ஒன்று முதலிடத்துக்குப் போனஸ், மீதி 7. ஆக ஓர் ஆசனத்துக்கு 12.07. முதல் சுற்றில் 3, 2, 1 ஆசனங்கள். மிச்சம் ஓர் ஆசனம், அதிக மீதி உள்ளவருக்கு. தேசிய மக்கள் சக்தியின் மீதி 5.4, யானையின் மீதி 4.6. ஐந்தாவது ஆசனம் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போனது ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைந்த இந்த வித்தியாசத்தில்தான்.

உங்கள் பிழை எல்லை ±5.8. கடைசி ஆசனத்தைப் பற்றி இந்த அளவுக் கணிப்பு எதுவும் சொல்ல முடியாது. "4 முதல் 5", "1 முதல் 2" என்று வீச்சாகச் சொல்லுங்கள், அல்லது வாக்கு வீதத்தோடு நிறுத்துங்கள்.

படி 11: வெளியிடுதல்

கேட்ட திகதிகள், இடங்களின் எண்ணிக்கை, மறுத்தவர்கள் எத்தனை பேர், கேள்வியின் சரியான வாசகம், எடை போட்ட முறை, பணம் கொடுத்தது யார்: இவை ஆறும் முடிவின் கீழே இருக்க வேண்டும். தேர்தல் காலமென்றால் தேர்தல் ஆணைக்குழுவின் ஊடக வழிகாட்டல்களை முதலில் வாசியுங்கள். வாக்களிப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் எதையும் வெளியிட வேண்டாம்.

தோட்ட வாரியான முடிவை எவருக்கும் கொடுக்காதீர்கள், அனுமதி தந்த நிர்வாகத்துக்கும் கட்சிக்காரருக்கும் கூட. 12 பேரின் பதில் புள்ளிவிபரமாகாது, ஆனால் அந்த 12 பேர் யார் என்று ஊருக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசியல் கருத்தைச் சிறப்பு வகைத் தரவாக வைத்திருக்கிறது. சரிபார்த்தல் முடிந்த அன்றே லய வரைபடங்களையும் பெயர் வரிசைகளையும் கொழும்புத் தொலைபேசி இலக்கங்களையும் அழித்துவிட்டு, படிவ இலக்கமும் பதில்களும் மட்டும் உள்ள கோப்பை வைத்துக்கொள்ளுங்கள்.