திருகோணமலை வெயிலில் விளையாட்டும் உடற்பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலையில் வீசும் கச்சான் காற்று ஆளை ஏமாற்றிவிடும். உள்நிலத்து வெக்கையை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று அது. கிளித்தட்டு மறிக்கும்போது எவ்வளவு வியர்த்தாலும் தோலில் தங்காது, உடனே காய்ந்துவிடும். "இன்றைக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை" என்று தண்ணீர்ப் போத்தலைத் தொடாமல் விடுவதுதான் முதல் தவறு. ஆட்டம் முடிந்ததும் கறுப்புப் பெனியனைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள்: வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். விளையாட முன்னும் பின்னும் எடை பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் போயிருக்கிறது.

தாகம் எடுக்கட்டும் என்று இருக்க வேண்டாம். தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு இரண்டு கிளாஸ் குடியுங்கள். பிறகு 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை 150–200 மில்லிலீற்றர். இளநீர் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. அதில் பொட்டாசியம் நிறைய. வியர்வையில் அதிகம் போகும் சோடியமோ குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியாடினால் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் மேல். ஜீவனி (வாய்வழி நீரேற்ற உப்புத்தூள்) கரைப்பதென்றால் பைக்கற்றில் சொன்னபடி முழு ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும். அரைப் போத்தலில் கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும். சிறுநீரக நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இந்த அளவுகளை மருத்துவரிடம் கேட்டே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. கச்சான் மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிக் கடல் குளம் போலக் கிடக்கும். அதை நம்பிப் பிள்ளைகளைக் காற்றடைத்த டியூபிலும் மெத்தையிலும் விடுகிறார்கள். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால்தான் கரையோரம் அலை அடங்கியிருக்கிறது. அதே காற்றுதான் டியூபையும் ஆழத்துக்குத் தள்ளுகிறது. பாரமில்லாமல் நீருக்கு மேல் நிற்பதால் அது பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும், நீந்தித் துரத்துகிறவரைவிட வேகமாகப் போகும். இறங்குமுன் ஒரு பிடி காய்ந்த மணலைத் தூக்கி விட்டுப் பாருங்கள். கடல் பக்கம் பறந்தால் அன்றைக்கு டியூப் வேண்டவே வேண்டாம். பந்து போனால் போகட்டும், பின்னால் நீந்தாதீர்கள். டியூபோடு பிள்ளை இழுபட்டால் அதை விட்டுக் குதிக்காமல் பிடித்துக்கொண்டு கையசைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கரையில் நிற்பவர் உடனே படகுக்காரரைக் கூப்பிட வேண்டும்.

கடற்கரையில் ஓடுபவர்கள் முதல் நாளே உலர்ந்த மணலில் அரை மணி நேரம் ஓடிவிட்டு, மறுநாள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். மணலில் குதிக்கால் புதைவதால் குதிநரம்பு வழக்கத்தைவிட அதிகமாக இழுபடும். முதல் வாரம் 10 நிமிடம் போதும், அதுவும் ஈர மணலில். அந்த ஈரப் பட்டி கடல் பக்கம் சரிந்திருக்கும் என்பதால் போன தூரமே திரும்பியும் ஓடுங்கள். ஒரே கால் பாரம் சுமக்காது.

கச்சான் மாதங்களில் இங்கே சூரியன் 6 மணிக்கு முன்பே எழுந்துவிடும். கடுமையான ஆட்டத்தை 8 மணிக்குள் முடிக்கலாம், இல்லாவிட்டால் மாலை 4 மணிக்குப் பிறகு தொடங்கலாம். கொழும்பிலோ வெளிநாட்டிலோ குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு விடுமுறைக்கு வந்தவர்கள் முதல் நாளே முழு மூச்சாக இறங்கக் கூடாது. உடம்பு வெக்கைக்குப் பழக 7 முதல் 14 நாள் வேண்டும்.

தலைச்சுற்றும் தசைப்பிடிப்பும் வந்தால் நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் ஆள் உளறினால், நடை தள்ளாடினால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1990 அம்புலன்ஸை அழைத்துவிட்டு, வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள்.