'பார்' என்பதற்கு சீ-யா, லுக்-கா, வாட்ச்-சா?

பாம்பைப் பார்ப்போம், படம் பார்ப்போம், வேலை பார்ப்போம், உப்பு போதுமா என்று ருசியும் பார்ப்போம். நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'பார்'. ஆங்கிலத்தில் இதைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள், அங்கேதான் திணறுகிறோம்.

படி 1: சொல்ல வந்ததைத் தமிழில் எழுதி, அதில் கண்ணுக்கு வேலை உண்டா என்று பாருங்கள். 'கடையில் வேலை பார்க்கிறார்' என்றால் வொர்க். 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றால் லுக் ஆஃப்டர். இவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

படி 2: மிச்சத்தைப் பிரிக்க ஒரே ஒரு பாம்பு போதும். கிணற்றடிக்குப் போகிறீர்கள், தானாகக் கண்ணில் படுகிறது: 'ஐ ஸா எ ஸ்னேக்'. நல்லதா, சாரையா என்று உற்றுப் பார்க்கிறீர்கள்: 'ஐ லுக்ட் அட் இட்'. அது புதருக்குள் போய் மறையும்வரை அசையாமல் நிற்கிறீர்கள்: 'ஐ வாட்ச்ட் இட்'. ஆக, தானாகப் பட்டால் சீ, வேண்டுமென்றே கண்ணைத் திருப்பினால் லுக், நடப்பதைத் தொடர்ந்து கவனித்தால் வாட்ச்.

அந்த 'அட்'டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'பாம்பைப் பார்' என்பதில் 'ஐ' உருபு செய்கிற வேலை அது.

படி 3: இந்தக் கணக்குக்குள் அடங்காதவற்றை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை. டாக்டரைப் பார்க்க சீ. டிவிக்கு வாட்ச். சினிமாவுக்கு இரண்டும் ஓடும், தியேட்டருக்குப் போய்ப் பார்த்தால் சீ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியிடம் போனில் 'ஐ ஆம் சீயிங் யுவர் மெயில்' என்று சொல்லியிருக்கிறேன். 'லுக்கிங் அட்' என்றிருக்க வேண்டும். ஓர் ஆளைச் சேர்த்து 'சீயிங்' என்றால் காதலிக்கிறோம் என்றுகூட அர்த்தமாகிவிடும், ஜாக்கிரதை!

படி 4: அப்புறமும் சந்தேகமா? ஆங்கிலம்–தமிழ் அகராதி இதற்கு உதவாது, மூன்றுக்கும் 'பார்' என்றே போட்டிருக்கும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தனி அகராதிகள் உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, உடன் இருவரைச் சேர்த்துக்கொண்டு தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதிதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் மூலம். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். விளக்கத்தைத் தாண்டி நேராக உதாரண வாக்கியங்களுக்குப் போங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்று கவனியுங்கள்.

இதே வழியில் அடுத்து 'சொல்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: சே, டெல். 'டெல் மீ' உண்டு, 'சே மீ' கிடையாது.